எடையோடு தசையையும் அளக்க வேண்டும்

ஐயா,

முற்றிய நிலைப் புற்றுநோயாளிகளின் தசை, கொழுப்பு அளவுகளைக் கொண்டு அவர்களது ஆயுட்காலத்தைக் கணிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். எடையை மட்டும் பார்த்து நோயாளியின் நிலையை முடிவு செய்யும் வழக்கம் மாற வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா ஆய்வாளர்கள் நுரையீரல், செரிமான மண்டலப் புற்றுநோய் கண்ட 1,473 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவு இதற்கு வலுவான சான்று: எடை இழப்பு, தசைக் குறைவு, தசையில் கொழுப்பு படிதல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தவர்கள், பருமனாக இருந்தாலும் மெலிந்திருந்தாலும், இடைநிலை அளவில் (பாதிப் பேர் கடந்த காலம்) 8.4 மாதங்களே வாழ்ந்தனர். மூன்றும் இல்லாதவர்கள் 28.4 மாதங்கள் வாழ்ந்தனர்.

இரைப்பைப் புற்றுநோயால் அவதிப்பட்ட என் அக்காவுக்கு வயிற்றில் நீர் கோத்திருந்ததால் எடை குறையவே இல்லை. வளையல் முழங்கை வரை ஏறிய பிறகும், எடைச் சீட்டைப் பார்த்தவர்கள் உடம்பு தேறிவருவதாகவே சொன்னார்கள். நோயின் பரவலை அறிய எப்படியும் எடுக்கப்படும் சி.டி. ஸ்கேனிலேயே, கீழ்முதுகின் மூன்றாவது முள்ளெலும்பு மட்டத்தில் தசைப் பரப்பை அளந்துவிடலாம். இதற்கெனத் தனிக் கதிர்வீச்சு தேவையில்லை. அந்த எண் தனி ஒருவருக்கு விதிக்கப்பட்ட கெடு அன்று என்பதால், அதைக் காட்டி எவருக்கும் சிகிச்சையை மறுக்கலாகாது. அரசு மருத்துவமனைகளின் ஸ்கேன் அறிக்கையில் தசை அளவுக்கென ஒரு வரியைச் சேர்த்து, குறைவாக உள்ளவர்களை அப்போதே உணவியல் வல்லுநரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் அனுப்ப சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும்.