தெப்பக்குளத்து நடைக்காரர்களுக்கு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு, வண்டியூர் தெப்பக்குளத்துக் கரையில் கிளிப்பச்சை பனியனோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் பேச்சுமூச்சில்லாமல் விழுந்தாரே, அவர் என் அப்பா. பிழைத்துவிட்டார். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்து, காபியில் சர்க்கரை போடவில்லையென்று அம்மாவோடு சண்டையும் ஆரம்பித்தாயிற்று. உங்களில் பாதிப் பேரின் முகம்கூட எங்களுக்குத் தெரியாது, அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

ஆளாளுக்குச் சொன்னதை ஒட்டவைத்துப் பார்த்தால் நடந்தது இதுதான். விழுந்தவரின் தொண்டையில் கொர் கொர்ரென்று சத்தம் வரவும், "மூச்சு இருக்கு, வலிப்புதான்" என்று யாரோ சொல்ல, ஒருவர் தன் வண்டிச் சாவியை அப்பா கையில் திணிக்க, இன்னொருவர் சோடா வாங்க ஓடியிருக்கிறார். அந்த நேரத்தில் நைட் டூட்டி முடித்து வந்துகொண்டிருந்த நர்ஸ் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "இது மூச்சே இல்ல, இதயம் நின்னுபோச்சு, 108-க்குப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அமுக்க ஆரம்பித்துவிட்டார். ஹார்ட் அட்டாக் என்பது ரத்தக்குழாய் அடைப்பு, அதில் ஆள் பேசிக்கொண்டுகூட இருப்பார். இது துடிப்பே நின்றுபோவது, சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறையும் என்பதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் தெரியவந்தது.

அக்காவுக்குக் கை ஓய்ந்ததும் பாலிடெக்னிக் தம்பிகள் இருவர் மாற்றி மாற்றி அமுக்கினார்கள். 5 சென்டிமீட்டராவது நெஞ்சு இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. வேகம் குறையாமலிருக்க டீக்கடை அண்ணன் கண்ணாடி கிளாஸில் ஸ்பூனால் டங் டங்கென்று தட்டிக்கொண்டே இருந்தாராம். பூக்கார அம்மா கூடையைப் போட்டுவிட்டு ரோட்டு முனைக்கு ஓடி, ஆம்புலன்ஸைக் கையாட்டிக் கூப்பிட்டிருக்கிறார். அதில் வந்தவர்கள் பட்டையை ஒட்டிக் கொடுத்த ஒரே ஷாக்கில் நாடி திரும்பியது. அதுவரை மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டிருந்தது உங்கள் கைகளால்தான். அமுக்கியதில் விலா எலும்பு ஒன்று விட்டுப்போனதற்கு அந்தத் தம்பி ஆஸ்பத்திரிக்கே வந்து மன்னிப்புக் கேட்டான். "இன்னொண்ணு ஒடைஞ்சாலும் பரவாயில்லப்பா" என்றார் அப்பா.

சாவி கொடுத்தவரையும் சோடாவுக்கு ஓடியவரையும் நான் குறையே சொல்லமாட்டேன். அங்கே நான் நின்றிருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், அதுவும் அழுதுகொண்டே. அதனால் நர்ஸ் அக்காவைத் திரும்பவும் தொந்தரவு செய்தோம். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு டீக்கடைப் பக்கத்தில் பொம்மையை வைத்துச் சொல்லித்தருகிறார், அரைமணி நேரம்தான். ஷாக் கொடுக்கும் ஏஇடி பெட்டி ஒன்றைக் கரையிலேயே வைக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம், அதற்கும் கையெழுத்து வேண்டும். என்ன செய்ய வேண்டுமென்று அந்தப் பெட்டியே பேசிச் சொல்லும், பயப்பட வேண்டாம்.

அப்புறம், அந்த வண்டிச் சாவி அப்பாவின் பையோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. பிள்ளையார் டாலர் போட்ட சாவி. உரியவர் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள், டீ எங்கள் செலவு.