மெசின் சில்லில இருக்கிற கோடு

கொக்குவில்.

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நீங்கள் மூண்டு பேரும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுறன். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. ஒடியல் மாவும் புழுக்கொடியலும் கட்டி வைச்சிருக்கிறா, கனடாவுக்குப் போற ஆரிட்டையும் குடுத்துவிடுவம்.

போனெடுத்தால் நீ "ஓம் அப்பா, ஓம் அப்பா" எண்டு ரெண்டு நிமிசத்தில வைச்சிடுறாய். அதால எழுதுறன். வேலையால வந்து காரை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்கையே கனநேரம் இருக்கிறியாம். ஆர் சொன்னது எண்டு வீட்டில கேட்டுச் சண்டை பிடியாதை. நான் அதைப்பற்றி ஒண்டும் கேக்க வரேல்லை. நேரத்துக்குச் சாப்பிடு, நித்திரை முழியாதை.

போன கிழமை சின்னவள் வட்ஸ்அப்பில குரல் அனுப்பினவள். பள்ளிக்கூடத்தில, கழிச்சு எறியிற சாமானில ஏதாவது செய்துகொண்டு வரச் சொன்னவையாம். "அப்பப்பா, அப்பா தனக்கு ஒண்டும் செய்ய வராது எண்டு சொல்லுறார். சின்னனிலையும் அப்பிடியோ?" எண்டு கேக்கிறாள். அதை நாலைஞ்சு தரம் போட்டுக் கேட்டன். இன்னும் பதில் அனுப்பேல்லை.

உனக்கோ செய்ய வராது?

1990இல சண்டையால யாழ்ப்பாணத்தில கறண்ட் நிண்டது. பற்றறி தடை, பெற்றோல் தடை, சவுக்காரத்துக்கும் தட்டுப்பாடு. அம்மா பனம்பழத்தைப் பிசைஞ்சு உடுப்புத் தோய்ச்சா. ஜாம் போத்தலுக்குள்ள பஞ்சை வைச்சு, அதில ரெண்டு கரண்டி மண்ணெண்ணெயை ஊறவிட்டுத் திரி போட்டம், அந்த வெளிச்சத்தில தான் நான் உனக்குப் பின்னம் படிப்பிச்சன். மோட்டச்சைக்கிளை ரெண்டு சொட்டுப் பெற்றோலில இழுத்து ஸ்டார்ட் பண்ணி, பேந்து மண்ணெண்ணெயில ஓடினவை. இதெல்லாத்தையும் முதல் முதல் ஆர் செய்தது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தேவை வந்தது, கை யோசிச்சுது.

றேடியோ கேக்கச் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சில்லில முட்டவிட்டுக் கையால சுத்துவினம். அதுக்கு ஒரு ஆள் முழுநேரம் வேணும். 93இல, உனக்குப் பன்னிரண்டு வயசு, நீ அம்மாவின்ர தையல் மெசினுக்குக் கீழ படுத்துக் கிடந்து பாத்தாய். அம்மா மிதிக்க அந்தப் பெரிய சில்லு சும்மா தானே சுத்துது எண்டாய். டைனமோவைக் கழட்டி அதில பொருத்தினாய். 6 வோல்ட், 3 வாட் டைனமோ, அதில வாறது திசை மாறி மாறி ஓடுற ஆடலோட்டம். றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில ஓடுற நேரோட்டம். பழுதாப்போன றேடியோ ஒண்டில இருந்து மின்னை ஒரு பக்கம் மட்டும் விடுற டயோட் நாலும், மின்னைச் சேத்து வைக்கிற கொள்ளளவி ஒண்டும் எடுத்து, சிரட்டைத் தணலில கம்பியைக் காய்ச்சி ஈயம் பிடிச்சாய். அண்டைக்கு இரவு அம்மா ஆற்றையோ பள்ளிக்கூடச் சட்டைக்கு விளிம்பு தைக்க, பிபிசி தமிழோசை கேட்டுது. அவ வேகமாய் மிதிச்சால் குரல் கரகரக்கும், ஆறுதலாய் மிதிச்சால் அடங்கிப்போகும். செய்தி முடியுமட்டும் ஒரே சீராய் மிதிச்சா. கிடுகு வேலிக்கு அங்கால அயலட்டைச் சனம் முழுக்க நிண்டது.

உன்ர வகுப்பு வாத்தியார் வந்து பாத்துப்போட்டு, பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் காட்டுவம், தரச் சொன்னார். நான் என்ன சொன்னனான் எண்டு உனக்கு மறந்திருக்காது. "உது சும்மா. எல்லா வீட்டிலையும் தான் டைனமோ சுத்துது. உவன் கணக்கில நாற்பத்தெட்டு." வாத்தியார் போன பிறகு கழட்டித் திரும்பவும் சைக்கிளில பூட்டினன். நீ ஒண்டும் சொல்லேல்லை. குசினிக்குள்ள போய் அம்மாவுக்குப் பக்கத்தில குந்தினாய்.

உன்ர படிப்புக்காகத் தான் செய்தன் எண்டு முப்பது வருசமாய் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தன். அது முழு உண்மை இல்லை, தம்பி. நான் கணித ஆசிரியன். அந்த நாலு டயோட்டும் ஏன் அப்பிடி நிக்குது எண்டு எனக்கு விளங்கேல்லை. பன்னிரண்டு வயசுப் பிள்ளையிட்டைக் கேக்க வெக்கமாயிருந்தது. வேலிக்கு அங்கால நிண்ட சனம் உன்ர பேரைச் சொல்லச் சொல்ல எனக்குள்ள ஏதோ எரிஞ்சுது. பெத்த பிள்ளையில பொறாமைப்பட்டன். இதை அம்மாவுக்கும் இண்டைவரைக்கும் சொன்னதில்லை.

பேந்து 95 ஒக்டோபர் 30, சண்டையால யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த நாள். சைக்கிளில சாமான் கட்டேக்க நீ உன்ர பிஸ்கற் ரின்னைக் கொண்டந்து வைச்சாய். ஆணியும் கம்பியும் கழட்டின துண்டுகளும். நான் அதை இறக்கி வைச்சிட்டு உன்ர றிப்போட் புத்தகங்களைக் கட்டினன். நாவற்குழிப் பாலத்தில மழைக்குள்ள அரை அடி அரை அடியாய் நகரேக்க, நீ என்னோட கதைக்கேல்லை. களைப்பு எண்டு நினைச்சன்.

போன வருசம் வந்து மூண்டு கிழமை நிண்டாய். பழைய செருப்பு றப்பரை வெட்டிப் படலையின்ர இரைச்சலை நிப்பாட்டினாய். அம்மா குனியாமல் தேங்காய் துருவவேணும் எண்டு துருவலையை மேசையோட பூட்டினாய். அம்மா எல்லாருக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவ, எனக்கும் பெருமையாய்த் தான் இருந்தது. வாய் திறந்து சொல்லேல்லை. "கெட்டிக்காரன்" எண்டு அயல்வீட்டு அன்ரி சொல்ல, நீ "சும்மா செய்தது, அன்ரி" எண்டாய். அந்தச் "சும்மா" என்ர வாயில இருந்து உனக்குப் போனது. அதை நான் திருப்பி எடுக்கிறன்.

வேலையை விடு எண்டு சொல்லேல்லை. வீட்டுக் கடன் இருக்கு, தெரியும். வீட்டில ஒரு மூலையில சின்ன மேசை ஒண்டு போடு. உடைஞ்சதை எறிய முன்னம் ஒருக்கால் கழட்டிப் பார். ஒருத்தருக்கும் காட்டத் தேவையில்லை, வடிவாய் வரவும் தேவையில்லை. மனதில வாறதைக் கொப்பியில கீறி வை. ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் காணும். காருக்குள்ள இருக்கிற நேரத்தில பத்து நிமிசம். நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குத் தொப்பி போடாமல் போகாதை. சின்னவள் பக்கத்தில வந்து நிண்டால் கலைக்காதை, அவளின்ர கையில ஒரு குறடைக் குடு. அவள் பிழையாய்ப் பூட்டினாலும் வாங்கிப் பூட்டாதை.

96இல திரும்பி வரேக்க மெசினின்ர தலையை ஆரோ கொண்டுபோட்டினம். இரும்புக் காலும் சில்லும் மட்டும் நிண்டது. அதுக்கு மேல பலகை போட்டு வைச்சுத் தான் இந்தக் கடிதத்தை எழுதுறன். சில்லின்ர விளிம்பில டைனமோ தேய்ச்ச கோடு இன்னும் இருக்கு. நாளைக்குப் படம் எடுத்துச் சின்னவளுக்கு அனுப்புவன், உன்ர அப்பா பன்னிரண்டு வயசில செய்தது எண்டு எழுதி. அவள் எப்பிடி எண்டு கேட்டால் நீ தான் சொல்லவேணும். அந்த நாலு டயோட்டும் எந்தப் பக்கம் பாத்து நிக்கவேணும் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. அவளுக்குச் சொல்லேக்க போனை வைச்சிடாதை, நானும் கேக்கவேணும்.

அன்புடன்,
அப்பா