இலையின் அடிப்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு

நெல்லிக்குப்பம்
கார்த்திகை 21

அன்புள்ள வசந்தா,

உன் கடிதமும், வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படங்களும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. கடிதத்தில் ஒரு பக்கம் பாகூர் ஏரி நிரம்பிய கதை, அரைப் பக்கம் அண்ணனின் சர்க்கரை அளவு, மீதி முழுக்க, படத்தைப் பார்த்துச் செடியையும் நோயையும் சொல்லும் ஆப் பற்றிய கேள்வி. காலமெல்லாம் பேங்க்கில் கணக்குப் பார்த்தவள், இப்போது இரண்டு காணி நிலத்தில் இறங்கி இலை இலையாகப் படமெடுத்துக்கொண்டு திரிகிறாய் என்று நினைத்தால் சிரிப்பாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மழைக்கு என் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது. மருமகளுக்கு மாசியில் பிரசவம். மற்றதெல்லாம் நேரில்.

முதலில் அந்த மஞ்சள் பூச் செடி. உன் மாமியார் தினமும் காலையில் அரைத்துக் குடிக்கிறார் என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்றைக்கே நிறுத்தச் சொல். மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லித்தான் நர்சரியில் கொடுத்திருப்பார்கள். புதுச்சேரியில் பாதி வீட்டு வாசலில் அந்தப் பெயரோடுதான் படர்ந்து கிடக்கிறது. ஆனால் நீ அனுப்பிய படத்தில் இருப்பது ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி, அழகுக்காகத் தரையில் படரவிடக் கொண்டுவந்தது. போன இடமெல்லாம் பரவி, உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம் பிடித்துவிட்டது. இலையைத் தொட்டுப் பார்: தடிப்பாக, பளபளவென்று, நுனிப்பக்கம் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். மருந்துக்கு நம் பெரியவர்கள் சொன்னது அதே இனத்தில் இன்னொன்று, ஸ்பாக்னெட்டிகோலா கேலெண்டுலேசியா. அதன் இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடல் பிரியாது, பூவும் சின்னது. ஈர வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் வரும். மாமியாரிடம் பக்குவமாகச் சொல். நீ கண்டுபிடித்ததாகச் சொன்னால் விடவே மாட்டார், டாக்டர் சொன்னதாகச் சொல்.

இந்த மாதிரி வேலைக்கு ஆப் ரொம்ப நல்லது. பிளான்ட்நெட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொள். பிரான்ஸில் நான்கு ஆராய்ச்சி நிறுவனங்கள் சேர்ந்து 2009-ல் தொடங்கிய திட்டம், 2013-ல் செல்போனுக்கு வந்தது. படம் எந்த உறுப்பு, இலையா, பூவா, காயா, பட்டையா என்று அதில் குறிக்கலாம். தாவரவியல் வகுப்பில் நானும் பிள்ளைகளிடம் முதலில் அதைத்தான் கேட்பேன், அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். பூவும் காயும் சேர்த்துப் போட்டால் பதில் நன்றாக வரும். இலை மட்டும் போட்டால் தடுமாறும். செடிகளை வகைப்படுத்திப் பெயர் வைத்த லின்னேயஸ் காலத்திலிருந்து அவற்றைப் பிரித்து வைத்ததே பெரும்பாலும் பூவை வைத்துத்தானே. கூகுள் லென்ஸ் அவசரத்துக்குப் போதும். பேரப் பிள்ளைகள் கையில் கொடுக்க ஐநேச்சுரலிஸ்ட்காரர்களின் சீக் என்ற ஆப் நன்றாக இருக்கும்.

கீழாநெல்லி விஷயத்தில் மட்டும் எந்த ஆப்பையும் முழுசாக நம்பாதே. ஃபில்லாந்தஸ் இனத்தில் அமாரஸ், யூரினேரியா, மதராஸ்படென்சிஸ் எல்லாம் நம் தோட்டத்திலேயே கலந்து முளைக்கும். படத்தில் எல்லாம் ஒரே பச்சை. காயைப் பறித்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், அமாரஸ் வழுவழுவென்று இருக்கும், யூரினேரியாவில் மேலெல்லாம் சொரசொரப்பு. உங்கள் புதுச்சேரியிலேயே செயின்ட் லூயி வீதியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1955-லிருந்து. உள்ளே செடிகளை உலர்த்திப் பாதுகாக்கும் பெரிய உலர்தாவரக் கூடம். ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வருவதற்கு முன்பே மேற்குத் தொடர்ச்சி மலை மரங்களைக் கம்ப்யூட்டரில் அடையாளம் காண ஒரு முறை செய்தார்கள். அதில் மரத்தின் படத்தை நாம் கொடுப்பதில்லை. இலை எதிரெதிரா மாறி மாறியா, பால் வடிகிறதா, பட்டை எப்படி என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். நாம் செடியைப் பார்த்தாக வேண்டும், அதுதான் அதில் விசேஷம்.

சரி, நெல்லுக்கு வருவோம். நீ போட்ட ஆப் ஒரு இலைக்கு பாக்டீரியா இலைக்கருகல் என்றும், அதே வயலில் இன்னொரு இலைக்கு பழுப்புப் புள்ளி நோய் என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எதற்கு மருந்தடிப்பது என்று கேட்கிறாய். இன்னும் எதற்கும் அடிக்காதே.

நீ அனுப்பிய இரண்டாவது படத்தில் இலையின் நுனியிலிருந்து ஒரு ஓரமாக, அலை அலையான விளிம்போடு, மஞ்சளாகி வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கிறது. கருகல் மாதிரித்தான் தெரிகிறது. ஆனால் காற்றில் உரசிக் காய்ந்த இலையும், சத்துக் குறைந்து ஓரம் காய்ந்த இலையும் படத்தில் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும். அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன், காசு செலவில்லை. காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேரும் இடத்தில் இலையைக் கத்தரிக்கோலால் வெட்டு. கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீருக்குள் இருக்கும்படி இலையைப் பிடி. டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி இருந்தால் நல்லது. பாக்டீரியாவாக இருந்தால் சில நிமிஷத்தில் வெட்டுவாயிலிருந்து ஊதுபத்திப் புகை மாதிரி வெள்ளையாக ஒரு இழை தண்ணீரில் இறங்கும். பிளஸ் டூ பிள்ளைகள் இதைப் பார்த்ததும் டம்ளரைச் சுற்றி முட்டி மோதிக்கொள்வார்கள். புகை வந்தால், பூஞ்சாண மருந்து எதுவும் அதற்கு வேலை செய்யாது. மேலுரமாக யூரியா போடுவதை நிறுத்தி வை, வயல் தண்ணீரை வடி, பக்கத்து வயலுக்குப் பாயவிடாதே. புதுச் சாணத்தை 20 சதவீதக் கரைசலாகக் கரைத்து வடிகட்டித் தெளிக்க வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது, இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை.

முதல் படத்தில் அடி இலைகளில் துரு நிறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளிகள். நட்டு மூன்று வாரம்தான் ஆகிறது என்கிறாய். அந்த வயதில் எனக்கு முதலில் துத்தநாகக் குறைபாட்டின் மேல்தான் சந்தேகம். புது இலையின் அடியில் நடு நரம்பு வெளுத்திருக்கிறதா, செடிகள் திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கின்றனவா என்று பார். நடவுக்கு முன் துத்தநாக உரமான ஜிங்க் சல்பேட் போட்டார்களா என்று உழவு ஓட்டியவரிடம் கேள். போடவில்லை என்றால் ஜிங்க் சல்பேட் அரை சதவீதம், யூரியா ஒரு சதவீதம் கலந்து இலையில் தெளித்தால் போதும். ஆப்புக்கு உன் வயலின் வயது தெரியாது, தண்ணீர் எத்தனை நாள் தேங்கி நின்றது என்பதும் தெரியாது.

ஏன் இப்படித் தடுமாறுகிறது என்றும் கேட்டிருக்கிறாய். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிளான்ட்வில்லேஜ் என்று ஒரு படத்தொகுப்பு செய்தார்கள். 14 பயிர், 26 நோய், 54,306 படம். அதை வைத்துக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிய ஆய்வு 2016-ல் வந்தது. அந்தத் தொகுப்பிலேயே ஒதுக்கி வைத்த படங்களைக் கொடுத்தபோது 99.35 சதவீதம் சரி. வேறு இடத்தில் வேறு விதமாக எடுத்த படங்களைக் கொடுத்தபோது 31 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். தொகுப்பில் இருந்தவை இலையைப் பறித்து, ஒரே மாதிரிப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். நம் வயலில் சேறு, நிழல், பனி, பக்கத்து இலை, உன் விரல் எல்லாம் சேர்ந்தே விழும். அதற்குப் பிறகு வயல் படங்களை நிறையச் சேர்த்து எவ்வளவோ முன்னேறிவிட்டார்கள். ஆனாலும் விளம்பரத்தில் 98, 99 என்று பார்த்தால் எந்தப் படத்தை வைத்துச் சோதித்தார்கள் என்று கேட்டுக்கொள்.

கரும்புக்கு இது இன்னும் மோசம். எங்கள் கொழுந்தனார் வயலில் போன மாசம் சில தூர்களில் மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலை ஓரம் மஞ்சளாகிக் காய ஆரம்பித்தது. அவர் பையன் படமெடுத்துப் போட்டான், சாம்பல் சத்துக் குறைவு என்று வந்தது. பொட்டாஷ் வாங்கவே கிளம்பிவிட்டான். அவர் ஒன்றும் பேசாமல் அரிவாளை எடுத்து ஒரு கரும்பை வெட்டி நீளவாக்கில் பிளந்தார். உள்ளே சிவப்பு, அந்தச் சிவப்புக்குக் குறுக்கே வெள்ளைத் திட்டுகள். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த சாராய வாடை. செவ்வழுகல்! நம் ஜில்லாவுக்கு இது பழைய பகை. கடலூர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த 671 ரகம் சர்க்கரைக்குப் பேர் வாங்கியதும் இந்த நோய்க்குச் சுலபமாக மாட்டியதும் இங்கே எல்லாருக்கும் தெரியும். வெள்ளத் தண்ணீரோடும் போகும், நடுகிற கரும்புத் துண்டான கரணையோடும் போகும். 2024-ல் ஃபெஞ்சல் புயல் முடிந்து தென்பெண்ணை பொங்கியபோது எந்த வயல் தண்ணீர் எந்த வயலுக்குப் போயிற்று என்று யார் கண்டார்கள்? இதற்கு அடித்துக் குணமாக்கும் மருந்து கிடையாது. தூரோடு பிடுங்கி எரித்து, குழியில் கார்பன்டசிம் என்ற பூஞ்சாண மருந்துக் கரைசல் ஊற்றி, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி கரும்பு துளிர்க்க விடாமல் அடுத்த போகம் நெல்லுக்கு மாறுகிறார். பையனைக் குறை சொல்ல மாட்டேன். இலையை மட்டும் பார்த்திருந்தால் நானும் பொட்டாஷ் என்றுதான் சொல்லியிருப்பேன்.

தென்னையும் அப்படித்தான். ஓலை மேலெல்லாம் கறுப்பாகப் படிந்திருக்கும், படமெடுத்தால் பூசணம் என்று வரும். பூசணம்தான், பொய்யில்லை. ஆனால் ஓலையைத் திருப்பினால் அடியில் சுருள் சுருளாக வெள்ளை ஈ முட்டை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் வந்த ரூகோஸ் வெள்ளை ஈ அது. அது கழிக்கும் தேன் மாதிரித் திரவத்தில்தான் கறுப்பு வளர்கிறது. பூச்சிமருந்து அடித்தால் ஈயைத் தின்னும் என்கார்சியா குளவி செத்துப்போகும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டி, மைதா பசையை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துக் கறுப்பின்மேல் அடித்தால் காய்ந்து உதிர்ந்துவிடும். இனிமேல் எனக்கு எந்த இலையை அனுப்பினாலும் அடிப்பக்கத்தையும் எடுத்து அனுப்பு.

எனக்கு உண்மையில் பயம் நோயின் பெயர் தப்பாகப் போவதைப் பற்றிக்கூட இல்லை, அதற்குக் கீழே வருகிற மருந்துப் பட்டியல்தான். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் பார்த்தேன். செல்போன் திரையை நீட்டி “இது கொடுங்க” என்றான் ஒரு பையன். கடைக்காரர், அது இல்லை, இதுவும் அதேதான் என்று வேறொன்றைக் கொடுத்து, கூடவே ஒரு டானிக்கும், “பூச்சிக்கும் ஒண்ணு சேர்த்து அடிச்சிருங்க” என்று இன்னொரு டப்பாவும் கட்டிவிட்டார். ஆளுக்கு அரைமணி வயலுக்கு வந்து பார்க்க அவருக்கும் நேரமில்லை, பையனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஜெர்மனியில் தொடங்கிய பிளான்டிக்ஸ் இருக்கிறதே, தமிழிலேயே பேசுகிறது, நோயின் அறிகுறிகளைப் படத்தோடு நன்றாக விளக்குகிறது, படிக்கவே வைத்துக்கொள்ளலாம். விவசாயிக்கு இலவசம். உரக்கடைகளை இணைக்கும் வியாபாரமும் அவர்களுக்கு உண்டு, அதில் தப்பொன்றும் இல்லை, தெரிந்து வைத்துக்கொண்டு படி என்கிறேன்.

உழவன் செயலியை நீ தேடி இறக்கியிருப்பாய். 2018-ல் தமிழ்நாடு அரசு விட்டது. பாகூர் புதுச்சேரியில் சேர்ந்தது, அதனால் அதிலுள்ள மானியமெல்லாம் உனக்கு ஆகாது. வானிலை, விலை நிலவரம் பார்த்துக்கொள். மத்திய அரசும் 2024 ஆகஸ்டில் பூச்சி கண்காணிப்புக்கென்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறது, நான் இன்னும் பழகவில்லை. சந்தேகம் என்றால் கிசான் கால் சென்டருக்குப் பேசு, 1800-180-1551, காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை, தமிழிலேயே. அதைவிட நல்லது, குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு நேராகப் போவது. போகும்போது நோய் பாதி, நல்லது பாதி என்று இரண்டு மூன்று செடியை வேரோடு பிடுங்கி நியூஸ்பேப்பரில் சுற்றிக்கொண்டு போ. பிளாஸ்டிக் கவரில் போட்டால் போய்ச் சேர்வதற்குள் வெந்து அழுகிவிடும், அப்புறம் அவர்களாலும் ஒன்றும் சொல்ல முடியாது.

உன் கத்தரிச் செடியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இலையெல்லாம் சின்னதாகிக் கொத்தாக நிற்கிற அந்த ஒரு செடியை மட்டும் இப்போதே பிடுங்கிப் போடு. சிற்றிலை நோய், தத்துப்பூச்சி அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். இதை ஆப் சரியாகவே சொல்லியிருக்கிறது, பாராட்டு!

அண்ணனை ராத்திரி சாப்பாட்டுக்கு அரிசியைக் குறைக்கச் சொல், சொந்த வயல் அரிசி என்றாலும் சர்க்கரைக்கு அது தெரியாது. டம்ளர் சோதனையை நாளைக் காலையிலேயே செய்துவிட்டு போன் பண்ணு. கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, கருகல் என்றால் காற்றும் மழையும் ஒரே நாளில் பரப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், கொழுந்தனார் எப்படியும் கடலூர் வருவார், பஸ் ஸ்டாண்டிலிருந்து உன்னை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்.

அன்புடன்,
மல்லிகா