4கே போஸ்டர் இருக்கட்டும், திரையில் வெளிச்சம் எங்கே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தியேட்டருக்கு ஏன் கூட்டம் வருவதில்லை என்ற பேச்சு வரும்போதெல்லாம் டிக்கெட் விலை, பாப்கார்ன் விலை, பார்க்கிங், ஓடிடி என்று எல்லாவற்றையும் அலசுகிறோம். திரையில் படம் ஒழுங்காகத் தெரிகிறதா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் ஊர் தியேட்டர் ஒன்றில் சமீபத்தில் ஒரு படம் பார்த்தேன். பாதிப் படம் ராத்திரியில் நடக்கிறது. திண்ணையில் அம்மாவும் மகனும் பேசுகிற காட்சி, மேலே ஒரே ஒரு குண்டு பல்பு. இரண்டு பேர் முகமும் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் யார் பேசுகிறார்கள் என்று பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. திரையின் நடுவில் கொஞ்சம் வெளிச்சம், இடது ஓரம் மஞ்சள் பூத்துக் கிடந்தது, வெள்ளை வேட்டி பழுப்பு வேட்டியாகிவிட்டது. இடைவேளையில் போய்ச் சொன்னால், "படமே அப்படித்தான் எடுத்திருக்காங்க சார்" என்கிறார்கள். அதே படத்தை வேறு ஊரில் பார்த்த என் தம்பி, அந்தக் காட்சியில் அம்மாவின் கண் கலங்குவதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறான். எனக்கு அந்த அம்மாவின் கண்ணே தெரியவில்லை.

எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்குக் கணக்கு இல்லாமல் இல்லை. ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோக்கள் 2002-ல் சேர்ந்து டி.சி.ஐ. என்ற அமைப்பைத் தொடங்கி, 2005-ல் டிஜிட்டல் சினிமாவுக்கான விதிமுறையை வெளியிட்டார்கள். முழு வெள்ளையைக் காட்டும்போது திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் பளிச்சை அளக்கும் அலகு), அதாவது சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள அளவு. தியேட்டருக்காகப் படத்துக்குக் கலர் பார்க்கிற அறையிலும் இதுதான் அளவு. நிழலில் நிற்கிறவர் முகம் இவ்வளவு தெரிந்தால் போதும் என்று ஒளிப்பதிவாளர் அங்கே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து முடிவு செய்கிறார். ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் காலத்திலிருந்தே குறைந்த வெளிச்சத்தில் அழகாக எடுக்கிற பழக்கம் தமிழ் சினிமாவில் உண்டு. தியேட்டரில் வெளிச்சம் பாதியாகிவிட்டால் பகல் காட்சிகள் எப்படியோ தப்பித்துவிடும், அடி வாங்குவது இந்த மாதிரிக் காட்சிகள்தான். அப்புறம் பழி கேமராமேன் மேல் விழுகிறது.

இந்தக் கணக்கு யாரும் போடக்கூடியதுதான். திரையின் சதுர அடியை 14-ஆல் பெருக்குங்கள், சாதாரண வெள்ளைத் திரைக்குத் தேவையான லூமென், அதாவது புரொஜெக்டரிலிருந்து வர வேண்டிய மொத்த வெளிச்சம், வந்துவிடும். 50 அடி அகலம், 21 அடி உயரம் உள்ள திரை என்றால் 1,050 சதுர அடி. 14,700 லூமென் திரையில் வந்து விழ வேண்டும். புரொஜெக்டருக்குள் எரிகிற செனான் லேம்பைப் புதிதாகப் போட்டு, லென்ஸையும் கேபின் கண்ணாடியையும் துடைத்து வைத்திருக்கிற நாளில் இது கிடைக்கும். ஆனால் செனான் லேம்ப் திடீரென்று அணைந்து மானத்தைக் காப்பாற்றுகிற சாமான் இல்லை. ஓட ஓட உள்ளே எலெக்ட்ரோடு தேய்ந்து, அந்த உலோகம் கண்ணாடியின் உள்பக்கம் கறுப்பாகப் படிகிறது. வெளிச்சம் தினமும் துளித்துளியாகக் குறைவதால் அங்கேயே வேலை செய்கிறவர்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கம்பெனி சொன்ன மணிக்கணக்கு தாண்டியும், எரிகிறவரை எரியட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். லேம்ப் விலையும் கரண்ட் பில்லும் தியேட்டர்காரருக்குச் சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் டிக்கெட்டுக்கு நான் முழுப் பணம் கொடுக்கிறேன்.

3டி-க்காகப் போட்ட சில்வர் ஸ்கிரீன் இன்னொரு தலைவலி. கண்ணாடி போட்டுப் பார்க்கும் போலரைஸ்டு 3டி-க்கு அந்தத் திரை தேவை, ஆனால் அது வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சமமாகத் திருப்பி அனுப்பாது. நடு சீட்டில் உட்கார்ந்தவருக்கு நடுவில் ஒரு பளபளப்புத் திட்டு தெரியும், ஓர சீட்டில் இருப்பவருக்கு எதிர் ஓரம் மங்கிக் கிடக்கும். 3டி எப்போதோ ஒன்று வருகிறது, சாதாரணப் படம் தினமும் இதே திரையில்தான் ஓடுகிறது.

ஆபரேட்டர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கார்பன் குச்சியை எரித்துப் படம் ஓட்டிய காலத்தில் ஒரு ஆள் மெஷின் பக்கத்திலேயே நின்று வெளிச்சத்தைக் கவனித்துக்கொண்டே இருந்தார். இப்போது மல்டிபிளெக்ஸில் நேரத்துக்குப் படம் தானாக ஓடுகிறது, பல ஸ்கிரீனுக்கு ஒரே ஆள், ஹாலுக்குள் வந்து திரையைப் பார்க்க அவருக்கு நேரம் கொடுக்கிறவர் யார்?

வாசலில் மட்டும் '4கே' என்று பெரிய எழுத்து. படத்தில் எவ்வளவு புள்ளி நுணுக்கம் என்பதைச் சொல்கிற எண் அது. பின்வரிசையில் இருப்பவர் கண்ணுக்கு 2கே-வுக்கும் 4கே-வுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, 2கே-விலேயே முடிக்கப்பட்டு வருகிற படங்களும் நிறைய. வெளிச்சமும், கறுப்பு நிறம் கறுப்பாகவே தெரிவதும்தான் முதலில் கண்ணில் படும். படியோர எல்.இ.டி.யும் எக்ஸிட் போர்டும் திரையில் அடித்தால் எத்தனை கே இருந்தும் கறுப்பு சாம்பலாகிவிடும். லேசர் புரொஜெக்டர் வந்த இடங்களில் நிலைமை நன்றாக இருக்கிறது, ஆனால் லேசரும் காலப்போக்கில் மங்கும், லென்ஸில் தூசி படிந்தால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதனால் வெறுத்துப்போய் வீட்டிலேயே புரொஜெக்டர் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கு '9,000 லூமென், 4கே சப்போர்ட்' என்று விற்பதை நம்ப வேண்டாம். மேலே சொன்ன கணக்கின்படி 100 இஞ்ச் திரை கிட்டத்தட்ட 30 சதுர அடி, இருட்டு அறையில் அதற்கு 420 லூமென் போதும். உண்மையிலேயே 9,000 லூமென் தருவதென்றால் அது கல்யாண மண்டபத்துக்கு வாங்குகிற மெஷின், அந்த விலைக்கு வராது. ஆன்சி லூமென் (முறைப்படி அளந்த வெளிச்சம்) எவ்வளவு, நேட்டிவ் ரெசல்யூஷன் (மெஷின் உண்மையில் காட்டுகிற புள்ளிகள்) எவ்வளவு என்ற இரண்டையும் கேளுங்கள். 4கே சிக்னலை வாங்கி 480 வரியில் காட்டுகிற பெட்டிகூட 'சப்போர்ட்' என்று போட்டுக்கொள்கிறது. டி.வி.யில் பார்ப்பவர்கள் அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிட்டு, படத்தை எடுத்தபடியே காட்டுகிற 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதில் பாருங்கள். சினிமாவை சீரியல் மாதிரி வழுக்க வைப்பது அந்த ஸ்மூத்திங்தான்.

சரி, தியேட்டருக்கு என்ன செய்யலாம்? கடைத் தராசுக்கும் பெட்ரோல் பங்க் மெஷினுக்கும் அளவு சரிபார்த்து முத்திரை வைக்கிறது அரசு. 1955-ம் ஆண்டு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தியேட்டருக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும்போது தீயணைப்பு, மின்சாரம், கட்டிட உறுதி எல்லாம் பார்க்கிறார்கள். அதோடு வெளிச்சம் அளக்கும் ஒரு மீட்டரை வைத்துத் திரையின் வெளிச்சத்தையும் அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் கவுண்டரில் ஒட்டச் சொல்லட்டும். அளக்க அதிக நேரம் பிடிக்காது.

அதுவரை உங்கள் பத்திரிகையே இதைச் செய்யலாம். 2011-ல் அமெரிக்காவின் பாஸ்டன் குளோப் நாளிதழ், அந்தப் பகுதி தியேட்டர்களில் 3டி லென்ஸைக் கழற்றாமலே சாதாரணப் படத்தை ஓட்டுவதால் படம் இருண்டு கிடப்பதை விரிவாக எழுதியது. உங்கள் விமர்சகர்கள் பெரும்பாலும் நல்ல பிரிவியூ தியேட்டரிலோ சென்னையின் நல்ல ஸ்கிரீனிலோ படம் பார்த்துவிடுகிறார்கள். ஒரு நிருபரிடம் மீட்டரைக் கொடுத்து மதுரை, நெல்லை, சேலம், வேலூர் என்று நாலு ஊருக்கு, ரிலீஸ் வெள்ளிக்கிழமையில் இல்லாமல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சிக்கு அனுப்புங்கள். திரை வாரியாக என்ன அளவு வருகிறதோ அதை அப்படியே சினிமா பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.