காட்டின் கார்பனை விற்கும் முன் அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டை வெட்டாமலே காசு பார்க்கலாம் என்ற பேச்சு நம் மலேசியாவில் இப்போது பலமாக அடிபடுகிறது. ஒரு டன் கரியமில வாயு காற்றில் கலக்காமல் தடுத்தால் ஒரு கார்பன் கிரெடிட், அதாவது புகை கக்கும் நிறுவனங்கள் தங்கள் கணக்கை ஈடுகட்டக் காசு கொடுத்து வாங்கும் சான்று. சபா மாநிலத்தின் குவாமுட் காட்டிலிருந்து வந்த கிரெடிட்டுகள் 2024-இல் புர்சா பங்குச் சந்தையின் கார்பன் சந்தையில் ஒன்று 50 ரிங்கிட் என்று ஏலம் போயின. மரத்தை வெட்டினால்தான் வருமானம் என்று மாநிலங்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இது எவ்வளவோ மேல், நான் எதிர்க்கவில்லை. ஆனால் விற்பது யார், யாரைக் கேட்டு விற்கிறார்கள், பணம் யாருக்குப் போகிறது என்பதெல்லாம் முதலில் சட்டத்தில் ஏற வேண்டும்.

ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சபாவிலேயே பார்த்துவிட்டோம். 2021 அக்டோபரில் அந்த மாநிலத்தின் பெயரில் காட்டின் கார்பனை விற்க ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 20 லட்சம் ஹெக்டர் காடு, அதாவது மாநில நிலத்தில் கால்பங்குக்கும் மேல், நூறு ஆண்டுக்கு. வருமானத்தில் 30 விழுக்காடு சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு. அந்தக் காடுகளை நம்பி வாழும் பூர்வக்குடி மக்களுக்கோ, அடுத்த மாதம் செய்தி வெளியான பிறகுதான் விஷயமே தெரியும். எந்தெந்தக் காடு என்ற விவரம்கூட ஒப்பந்தத்தில் இல்லை, இப்படியே இருந்தால் சட்டப்படி இதற்கு வலுவில்லை என்று 2022-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞரே சொல்ல வேண்டியதாயிற்று.

சரி, அது சபா, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பந்திங், கிள்ளான் வாசகர்களுக்குச் சிலாங்கூரின் கோலலங்காட் வடக்குக் காட்டின் கதை தெரியும். அது பீட் மண் காடு. மக்கிய வேரும் தழையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரில் ஊறிச் சேர்ந்த மண். மேலே நிற்கும் மரத்தைவிட அந்த மண்ணுக்குள்தான் கார்பன் அதிகம். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் மண்ணே உள்ளுக்குள் புகைந்து எரியும், அணைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுநாள் திரும்பவும் புகை கிளம்பும். வறண்ட மாதங்களில் கிள்ளான் அருகே ஜொஹான் செத்தியா பக்கம் போகிறவர்களுக்கு அந்த நாற்றம் பழக்கம். அப்படிப்பட்ட காட்டில் 536 ஹெக்டருக்கும் மேல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 2021 ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. அங்கே வாழும் தெமுவான் பூர்வக்குடி மக்களும் ஊர்க்காரர்களும் கொந்தளித்த பிறகு செப்டம்பரில் மாநில அரசு அந்த நீக்கத்தைக் கைவிட்டது.

இதே சிலாங்கூரில்தான், டிங்கிலில் நெடுஞ்சாலைக்காக நிலமிழந்த தெமுவான் மக்களுக்கு அந்த மரபு நிலத்தில் உரிமை உண்டு என்று 2002-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் அவர்களுடையது என்றால், அந்த மண்ணிலும் மரத்திலும் உள்ள கார்பனை அவர்களைக் கேட்காமல் எப்படி விற்பது?

நிலமும் காடும் மாநில அதிகாரம், புத்ராஜெயாவில் உள்ள மத்திய அரசு கொள்கை எழுதினாலும் மாநிலங்கள் இசைந்தால்தான் நடக்கும் என்பது உண்மை. சரவாக் மாநிலம் 2023-இல் கரியமில வாயு போன்றவற்றின் வெளியேற்றத்தைக் குறைக்கத் தனக்கென்று சட்டமே போட்டுக்கொண்டது. அதனால்தான் எல்லா மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் பொது விதி ஒன்று வேண்டும்: ஒப்பந்தம் முழுதாக வெளியிடப்பட வேண்டும், பூர்வக்குடி கிராமம் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும், வெளிநாட்டுக்கு விற்ற கிரெடிட்டை நம் நாட்டின் கரியமில வாயுக் குறைப்பு இலக்கிலும் சேர்த்துக் கணக்குக் காட்டக் கூடாது.

தோட்டங்கள் கைமாறியபோது, தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்த நம்மவர்கள் லயத்தைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த பிறகுதான் விற்பனையைத் தெரிந்துகொண்டார்கள். அந்த வலி தெரிந்த நாம் இந்த மக்களுக்காகக் குரல் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது?

பருவநிலை மாற்றச் சட்டத்துக்காக 2024-இல் அரசாங்கம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. தமிழர்களில் எத்தனை பேர் காதுக்கு அது எட்டியது? அந்தச் சட்டத்தில் காடு, கார்பன் விற்பனை பற்றிய பகுதிகளைத் தமிழில் சுருக்கி உங்கள் ஏட்டில் வெளியிடுங்கள், எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கையோடு கொண்டுபோய்க் கேட்க உதவும்.

அன்புடன்,
வாசகர், பந்திங்