ஞாயிறு கூட்டம்: செத்துப்போனதாக நினைத்த மீன்

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 4 மணிக்கு சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். பேசப்போவது ஆய்வகத்தில் தண்ணீர்ப் பரிசோதனை செய்யும் நம் வேதியியல் அக்கா. வேலைதான் அது, ஆனால் கையில் இருக்கும் புத்தகம் எப்போதும் மனிதர்களுக்கு முந்தைய காலத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இந்த முறை சீலகாந்த் மீன். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டதாக நம்பப்பட்ட அது, 1938 டிசம்பரில் நம் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில், இழுவைப் படகு ஒன்றின் மீன் குவியலில் கிடந்தது. கண்டெடுத்தவர் அங்குள்ள அருங்காட்சியகத்தின் மார்ஜோரி கோர்ட்னி-லாட்டிமர். அவர் வரைந்து அனுப்பிய படத்தைப் பார்த்து இனம் கண்டவர் ஜே. எல். பி. ஸ்மித். கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர் அவர், மீன்களைப் படித்தது ஆசைக்காக! அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனதில் வியப்பே இல்லை. அடுத்த மீனுக்கு 14 ஆண்டுகள் காத்திருந்தார் மனிதர். 1952இல் கொமொரோஸ் தீவுகளில் ஒன்று கிடைத்ததும், பிரதமர் மலானிடம் கேட்டு ராணுவ விமானத்தில் போய் எடுத்து வந்தார். அப்புறம் 2000இல், நம் குவாசுலு-நட்டால் மாகாணத்துச் சொத்வானா விரிகுடாவிலேயே முக்குளிப்பவர்கள் உயிரோடு பார்த்தார்கள்.

நேரமிருந்தால் 1924இல் கிடைத்த, மனிதனின் பழங்கால மூதாதை இனத்துக் குழந்தை ஒன்றின் புதைபடிவமான ‘தாவுங் குழந்தை’யின் மண்டையோடு பற்றியும் பேசுவாராம். எனக்கென்னவோ மீனிலேயே பொழுது போய்விடும் என்று தோன்றுகிறது.

தமிழ் வகுப்புப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கேள்விகளை ஆங்கிலத்திலும் கேட்கலாம். தேநீர் உண்டு. முறுக்கு யார் கொண்டுவருகிறீர்கள்? வருபவர்கள் வெள்ளிக்குள் இங்கே சொல்லிவிட்டால் நாற்காலி போட வசதி.