மாட்டுவது கழற்றுவதன் தலைகீழ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தை வீட்டிலேயே கழற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை, தாய்லாந்தில் வேலை பார்க்கும் என் மகன் ஃபோனில் அனுப்பியிருந்தான். கழற்றுகிற பாகம் நன்றாகவே இருந்தது. மாட்டுவதற்கு மட்டும் ஒரே வரி. கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்தால் போதுமாம். எனக்குக் காலில் ஆறு தையல் போட வைத்த வரி அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பர்மாவில், மோல்மேன் ஊரில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று 2003-இல் தடை போட்டார்கள். எங்கள் ஊரில் அந்தத் தொல்லை இல்லை, வண்டி இல்லாத வீடுதான் அபூர்வம். என்னுடையது என் வீட்டுக்காரர் விட்டுப் போன சீனத்து 125 சிசி வண்டி. முன்னால் டிரம் பிரேக், அதாவது சக்கரத்தின் நடுவில் டப்பா மாதிரி ஒரு டிரம், அதன் உள்சுவரில் ஷூ என்கிற வளைந்த கட்டைகள் உரசி நிறுத்தும். அவர் இருந்தவரை நான் அதற்குப் பெட்ரோல்கூட ஊற்றியதில்லை. அப்புறம் எல்லாம் நான்தான். மழைக்காலத்தில் ரோட்டில் பாதி குழி, பாதி தண்ணீர். டயரில் ஆணி ஏறினால் கடைப் பையன் வரும்வரை மாவு புளிக்காமல் காத்திருக்குமா?

கழற்றுவது பெரிய காரியமில்லை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன் சக்கரம் தரையை விட்டு எழும்படி வைக்கிறேன். கட்டை கொடுப்பதற்கு முன்பே ஆக்சில் (சக்கரத்தின் நடுவே போகும் தண்டு) நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி விடுவேன். தூக்கி வைத்த பிறகு பலமாகத் திருகினால் வண்டி ஸ்டாண்டிலிருந்து சரியும். பிரேக் கேபிளையும் ஸ்பீடோமீட்டர் கேபிளையும் விடுவித்து, ஆக்சிலை உருவினால் சக்கரம் கையோடு வந்துவிடும். முதல் தடவையே அரை மணி நேரத்தில் முடித்தேன். பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூட.

மாட்டினேன். தலைகீழாகத்தான் மாட்டினேன். நட்டை இறுக்கினேன், கேபிளைப் பூட்டினேன், சக்கரம் சுற்றியது. பர்மியர் கொண்டாடும் வாஸோ பௌர்ணமிக்கு முந்தின வாரம் அது. மறுநாள் விடியற்காலை, கியாய்க்தன்லான் பகோடா இருக்கிற மேட்டிலிருந்து இறங்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தேன். "கடக்" என்று ஒரு சத்தம். கேபிள் சுருண்டது, சக்கரம் அப்படியே நின்றது, நான் நிற்கவில்லை. இரண்டு டப்பா மாவும் ரோட்டில் ஓடியது. நல்லவேளை, மெதுவாகத்தான் வந்தேன்.

காரணம் இதுதான். பிரேக் ஷூக்கள் இருக்கும் வட்டத் தட்டு இருக்கிறதே, அதன் ஓரத்தில் ஒரு காடி, அதாவது வெட்டுப் பள்ளம், இருக்கும். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்குகிற ஃபோர்க் காலின் உள்பக்கம், விரல் நுனி அளவுக்கு ஒரு முட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முட்டு இந்தக் காடிக்குள் உட்கார வேண்டும். பிரேக் பிடித்ததும் டிரம் தட்டையும் தன்னோடு இழுத்துச் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒரு முட்டுதான். நான் பூட்டியபோது அது காடிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. பிரேக் பிடிக்காதவரை ஒன்றும் தெரியாது. கழற்றும்போது தானாக விலகிவிடுவதால் அப்படி ஒன்று இருப்பதே கண்ணில் படாது. கழற்றும்போது பார்க்காததை எப்படித் தலைகீழாகச் செய்வது?

இப்போது மாட்டும்போது டார்ச்சைக் கீழே வைத்துப் பார்த்து, விரலால் தடவியும் பார்க்கிறேன். அப்புறம் சக்கரம் சுற்றாதபடி ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, தட்டை இரண்டு பக்கமும் அசைத்துப் பார்ப்பேன். முட்டில் இடித்து நிற்க வேண்டும்.

ஸ்பீடோமீட்டரின் பல் சக்கரமும் என் வண்டியில் அதே தட்டுக்குள்தான் இருக்கிறது. அதன் இரண்டு காதும் சக்கரத்தின் நடுப்பாகத்தில் உள்ள வெட்டுகளில் பொருந்த வேண்டும். பொருந்தாமல் நட்டை முறுக்கினால் காது நசுங்கிவிடும். ஒரு தடவை நசுக்கியிருக்கிறேன். இரண்டு மாதம் முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. மறுபக்கத்துப் புஷ் (ஆக்சிலில் கோர்க்கும் சின்னக் குழாய்) தரையில் உருண்டு போகாமல் ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும்.

கடைசி இறுக்கு இறுக்குவதற்கு முன் இன்னொன்று. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேக் லீவரைப் பிடித்தபடியே நட்டை முறுக்குங்கள். ஷூ டிரமுக்கு நடுவில் வந்து நிற்கும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். என் மகன் வண்டியில் முன்னால் டிஸ்க் பிரேக், சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகட்டை இரண்டு பேடுகள் கவ்விப் பிடிக்கும். அதில் சக்கரம் வெளியே இருக்கும்போது தவறிக்கூட லீவரை அமுக்கக் கூடாது என்கிறான், பேடுகளை அழுத்துகிற பிஸ்டன் வெளியே வந்துவிடுமாம். பேடுகளுக்கு நடுவே அட்டைத்துண்டு ஒன்று செருகி வைப்பானாம். மாட்டி முடித்த பிறகு, லீவர் கெட்டியாகும்வரை நாலைந்து முறை அமுக்காமல் அவன் வண்டியை நகர்த்துவதில்லை.

கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் ஸ்பானர் பளபளவென்று அழகாக இருந்தது. அடுத்த முறை அந்த இடத்தில் காடியும் முட்டும் தெரிகிற படத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாவுக்காரி,
மோல்மேன், பர்மா